ஓரடி வழி

புதிதாகப் பயிற்சி முடித்து எங்கள் சமரச மையத்தில் சேர்ந்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தேன். வழக்கறிஞர்களோடு ஒரு மனநல ஆலோசகர், ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளி முதல்வராக இருந்த ஓர் அம்மையார். எங்கள் நாளில் கறுப்புக் கோட்டு இல்லாமல் ஒருவர் அந்த அறைக்குள் வந்தால் அவர் வழக்கில் ஒரு கட்சிக்காரர் என்று பொருள்.

நீங்கள் வரும்போது தொழில் மாறியிருக்கிறது. சமரசத்துக்கென்று தனிச் சட்டம் வந்து, அதன் பகுதிகள் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வழக்குப் போடாமலேயே எங்களிடம் வருகிறார்கள். பாரிஸில் இருக்கும் மகனும் முத்தியால்பேட்டையில் இருக்கும் தாயும் ஒரே திரையில் பேசுகிறார்கள். நான் ஒரு காலத்தில் கையால் எழுதிய ஒப்பந்தங்களை இப்போது கணினி வார்ப்பில் நிரப்புகிறீர்கள். இவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பல நல்ல மாற்றங்கள்.

மாறாமல் இருப்பது தனி அமர்வு. இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசியபின், ஒரு தரப்பை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரிடம் தனியாகப் பேசுகிறோம். அங்கே அவர் சொல்வது அவருடையது. அவர் அனுமதிக்காத ஒரு சொல்லையும் நாம் அடுத்த தரப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. எனக்குப் பயிற்சி தந்தவர் வெளியூரில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தனி அமர்வு முடிந்து எழும் முன், "இதில் எதை நான் அந்தப் பக்கம் சொல்லலாம்?" என்று கேட்காவிட்டால், அந்த அமர்வே நடக்கவில்லை என்று கொள்ள வேண்டும் என்பார்.

அந்தக் கேள்வியை ஒரு வழக்கில் நான் ஒரு முறை கேட்டேன். மறுபடி கேட்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

உழவர்கரையில் ஒரு வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்று, உள்ளே இரண்டு. முன்பக்கம் தம்பி, பின்பக்கம் அண்ணன். அண்ணன் தெருவுக்கு வரத் தம்பியின் சுவரை ஒட்டி ஒரு வழி. தெருவிலிருந்து நேராக உள்ளே போய், வலப்பக்கம் ஒடிந்து திரும்பி, பின்வீட்டு வாசலில் முடியும். அப்பா காலத்தில் நொத்தேர் என்ற பத்திரப்பதிவு அதிகாரி முன்னால் எழுதப்பட்ட பிரெஞ்சுப் பத்திரத்தில், இருவருக்கும் பொதுவான வழி என்று இருந்தது. அகலம் குறிப்பிடப்படவில்லை.

அண்ணனை சூசை என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபத்து மூன்று, கதவு ஜன்னல் செய்யும் மரவேலைக்காரர், நல்ல உயரம். தம்பி மரியதாஸ் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவருடைய மகள் கணவனைப் பிரிந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அவளுக்காக மாடியில் ஓர் அறை கட்டினார். மாடிக்குப் படிக்கட்டு வைக்க வேறு இடம் இல்லாமல், வழியில் சுவரோரமாக இறக்கி, திருப்பத்தில் கொண்டுவந்து முடித்தார். ஐந்தடிக்கு மேல் இருந்த வழி மூன்று அடி ஆனது. தெருப்பக்கம் ஒரு கேட்டும் போட்டார். அண்ணன் வழக்குப் போட்டார். நீதிமன்றம் எங்களிடம் அனுப்பியது.

முதல் கூட்டு அமர்வில் சூசையும் அவர் மனைவி லூர்தும் ஒரு பக்கம், மரியதாஸ் எதிர்ப்பக்கம். என் வழக்கமான விதியைச் சொன்னேன்: ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச வேண்டாம், என்னைப் பார்த்துப் பேசுங்கள். சத்தம் குறையும் என்பதற்காக நாம் எல்லோரும் சொல்லும் விதி.

மரியதாஸ் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். "சார், மூணு அடி வுட்டிருக்கேன். பைக்கு போவுது, சிலிண்டரு போவுது, ஆளு போவுது. இன்னும் என்னா போவணும்? யானையா?"

"யானைதான் முன்வீட்லயே இருக்குதே" என்றார் சூசை. மரியதாஸ் சற்றுப் பருத்த உடம்பு. லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், பேச்ச? கோயில்லயும் இப்படித்தான். பூச முடிஞ்சி எல்லாரும் நிக்கிறாங்க. 'எந்தம்பி மோட்சத்துக்குப் படி கட்டுறான்'னு சொல்றாரு. எனக்கு மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல."

"நீ மோட்சத்துக்குப் போனா எனக்கு சந்தோசம்தான்டா. போறவன் ஏன் என் வழிய அடச்சிட்டுப் போற?"

எனக்கு நம்பிக்கை வந்தது. இப்படிக் கிண்டல் செய்துகொள்பவர்களுக்குள் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. மௌனமாக உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

ஆனால் அளவு என்று வந்ததும் சூசையிடம் கிண்டல் இல்லை. வழி முழுக்க நாலு அடி வேண்டும். கேட்டை எடுத்துவிடுகிறேன் என்றார் மரியதாஸ். "கேட்டு இருந்துட்டுப் போவட்டும். நாலு அடி குடு." மூன்றரை அடி என்றால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "நாலு. ஒரு இஞ்சி கொறையக் கூடாது." நாலு அடி என்றால் படிக்கட்டு முழுவதையும் இடிக்க வேண்டும்.

தம்பியை வெளியே அனுப்பிவிட்டுத் தனி அமர்வு தொடங்கினேன். ஏன் நாலு அடி என்று கேட்டேன். சூசை என் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, வழியை வரைந்தார். திருப்பத்தில் நீளமாக ஒரு கட்டம் போட்டார்.

"இது ஆறரை அடி நீளம். தோள்கிட்ட ரெண்டு அடி அகலம். மூணு அடி வழியில இது திரும்பாது. நாலு அடியில திரும்பும். நான் மரச்சட்டத்த வச்சித் திருப்பியே பாத்துட்டேன்."

"இது என்ன?"

"பெட்டி."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார். வேற யாருக்கு?"

ஈரலில் புற்று. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள். அதிக நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கணவனும் மனைவியும் யாரும் அறியாமல் காலையில் முதல் பஸ்ஸில் போய்வந்தார்கள். அக்கம்பக்கத்தில் சர்க்கரை என்று சொல்லி வைத்திருந்தார்கள். லூர்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டாள்தனமாக ஒன்று கேட்டேன். திருப்பத்தில் மட்டும் பெட்டியை நிமிர்த்திக் கொண்டுபோக முடியாதா?

"முடியும். உள்ள நான் நிக்கணும். பரவால்லியா?" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். "எங்கப்பா அந்த வழியிலதான் சார் பெட்டியில போனாரு. அம்மாவும் அப்படித்தான். வீட்ல வச்சி சாமியாரு செபம் சொல்லி, மூடி போட்டு, அப்புறந்தான் தெருவுக்கு. என்னைய மட்டும் போர்வையில சுருட்டிக் கொண்டாந்து, ரோட்டுல வச்சி, போறவன் வர்றவன் பாக்க மூடணுமா? ஊரு ஒலகத்துக்கெல்லாம் வாசக்கால் செஞ்சவன் நான்."

விதிப்படி அந்தக் கேள்வியைக் கேட்டேன். இதில் எதைத் தம்பியிடம் சொல்லலாம்?

"ஒண்ணும் சொல்லக் கூடாது. பாவம் பாத்து அவன் குடுக்கக் கூடாது. சாவறேன்னு சொல்லி வழி வாங்கிக்கிட்டான்னு பேச்சு வரும். எனக்கு உள்ளது எனக்கு வரணும், அவ்ளோதான்."

குறிப்பேட்டில் அவர் வரைந்திருந்த தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்தேன். இதுவரை நான் செய்ததில் தவறில்லை.

அடுத்து மரியதாஸின் தனி அமர்வு. ஓரடிக்காக உங்கள் அண்ணன் இப்படி நிற்க என்ன காரணம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காரணமா? எம் பொண்ணு வாழாம வந்துட்டா. அவளுக்குன்னு ஒரு படி கட்டுனேன். அது இடியறதப் பாக்கணும். அதான் காரணம்."

"நேரில் கேட்டுப் பார்த்தீர்களா?"

"அவரு வாயத் தொறந்தா கிண்டல்தான் வருது. என்னான்னு கேக்கறது?"

இரண்டாம் அமர்வு மூன்று வாரம் கழித்து. இரும்பில் சுழல்படி வைக்கலாமா என்று பார்த்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அதில் ஏற மாட்டாள் என்றார் மரியதாஸ். அதிலும் நியாயம் இருந்தது. படிக்கட்டைப் பின்பக்கம் மாற்றலாம் என்றால் அங்கே செப்டிக் டேங்க். அன்று சூசையின் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. கைக்கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டியிருந்தார். வழக்கறிஞராகும் முன் பத்திரிகையில் சில ஆண்டுகள் நீதிமன்றச் செய்தி எழுதியவன் என்பதால் இதெல்லாம் என் கண்ணில் படும். மரியதாஸின் கண்ணில் படவில்லை. அவர் ஒரு மணி நேரமும் என்னைப் பார்த்தே பேசினார். அப்படிப் பேசச் சொன்னவன் நான்.

மூன்றாம் அமர்வு நடந்தபோது ஒரு சிறப்பு இயக்கம் நடந்துகொண்டிருந்தது. நிலுவையில் இருந்த வழக்குகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மையத்துக்கும் சொல்லியிருந்தார்கள். அன்று என் அறைக்கு வெளியே பெஞ்சில் இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் வெளியே எப்போதும் யாராவது காத்திருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

தனி அமர்வில் சூசை தளர்ந்திருந்தார். பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அவனுக்கே தோணாதா சார்?" என்றார். "இவன் எதுக்கு ஒரு அடிக்கு இப்படி நிக்கிறான்னு, ஒரு தடவகூட அவனுக்குத் தோணாதா?"

இந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வில், சொல்லக் கூடாது என்றவர் இவர். இப்போது அவர் அதைச் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. தன் வாயால் சொல்ல மட்டும் முடியவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியது மூன்றே சொல்: நான் அவரிடம் சொல்லட்டுமா?

நான் சொன்னது இது: "நாம் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஐயா."

பத்திரிகையில் இருந்தபோது இந்தத் தவறைச் செய்ததில்லை. எழுதாதீர்கள் என்று திங்கட்கிழமை சொன்ன அதிகாரியை வியாழக்கிழமை மறுபடி அழைத்து, இப்போது எழுதலாமா என்று கேட்பேன். பலர் சரி என்பார்கள். மனிதர்கள் மாறுகிறார்கள். அவர்கள் போட்ட தடையும் மாறுகிறது. சமரசராக வந்தபின், ஒருமுறை வாங்கிக்கொண்ட தடையைக் காப்பதே நேர்மை என்று நினைத்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சூசை என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சற்று முன் நான் அதைப் பார்த்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். "சரி சார். மூணு அடின்னே எழுதுங்க" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை அங்கேயே எழுதினேன். வழி மூன்று அடி. தெருப்பக்கத்துக் கேட்டை எடுத்துவிடுவது. கடைசிப் படியின் முனையை வளைவாக்குவது. வழியில் இரு தரப்பும் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. பொது வழி வழக்குகளில் வழக்கமாக நான் சேர்ப்பது.

கையெழுத்துப் போட்டதும் மரியதாஸ் எழுந்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அண்ணனை நேராகப் பார்த்துப் பேசினார். "அண்ணே, வாயேன். கீழ போயி டீ குடிச்சிட்டுப் போவலாம்."

"நீ போ. எனக்கு டீ கசக்குது" என்றார் சூசை.

மரியதாஸ் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? கையெழுத்து போட்ட மசி காயல." விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டார். நோயில் அவருக்கு எதைக் குடித்தாலும் கசந்தது என்பது அறையில் மிச்சமிருந்த மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மரியதாஸ் தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் ஒப்பந்தத்தை மீறுகிறார் என்றார். "பொருள் எதுவும் வைக்கக் கூடாதுன்னு எழுதினீங்களே சார். தெனம் சாயந்திரம் நான் கடைய சாத்திட்டு வர்ற நேரம் பாத்து, அந்தத் திருப்பத்துல நாற்காலி போட்டு ஒக்காந்துக்கறாரு. என்னையவே பாக்கறாரு. பேரக் கொழந்தையப் பாக்க நான் ஒடம்ப ஒடுக்கிக்கிட்டுப் படியேறணும். வேணும்னே பண்றாரு."

"நீங்கள் எதுவும் கேட்டீர்களா?"

"நான் எதுக்கு சார் கேக்கணும்? நீங்க கேளுங்க."

நான் லூர்துவை அழைத்தேன். என் குரலில் கனிவு இருந்தது, அது நினைவிருக்கிறது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "சரிங்க சார், எடுத்துடறோம்" என்றார். ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்காரு" என்றார். அழைப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஒப்பந்தத்தைப் பின்தொடர்ந்து கவனிப்பதும் நம் கடமை என்று பயிற்சியில் சொல்கிறார்கள். கவனித்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து சூசை இறந்தார். எனக்குத் தெரியாது. அடக்கம் முடிந்த பத்தாம் நாள் மரியதாஸ் மையத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. முன்பதிவு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்தேன்.

"காலையில ஆறு மணிக்குப் போயிட்டாரு சார். சுகர்ல எளச்சிட்டாருன்னுதான் நெனச்சிருந்தேன். அண்ணிதான் அப்பறம் சொன்னாங்க. பெட்டி வந்துச்சி. உள்ள கொண்டுபோவப் பாத்தோம். திருப்பத்துல மாட்டிக்குது. சாச்சிப் பாத்தோம், தூக்கிப் பாத்தோம். பெட்டி கொண்டாந்த ஆளு சொல்றான், 'நிமித்துனா போயிடும், ஆனா திரும்பி வரும்போது உள்ள ஆளு இருக்குமே'ன்னு."

கர்ச்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கடசியில ரோட்டுல ரெண்டு ஸ்டூல போட்டுப் பெட்டிய வச்சோம். போர்வையில அவர வச்சி நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். நான் கால் பக்கம் புடிச்சிருந்தேன். அந்தத் திருப்பத்துக்கு வந்தப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சி சார். நாலு அடி, நாலு அடின்னு ஏன் கத்துனாருன்னு. அங்கயே நின்னுட்டேன். பின்னாடி இருந்தவங்க, 'நடப்பா, கனக்குது'ன்னு சொல்றாங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தனியாகப் பேசியதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் இறந்தபிறகும் இல்லை."

"அப்ப தெரியும்" என்றார். அதில் கோபம் இல்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தம்பிகிட்ட சொல்லக் கூடாதுன்னு கடசி வரிக்கும் அவரு சொன்னாரா? அவ்ளோ கோவமா எம் மேல? இல்ல, சொல்லட்டுமான்னு நீங்க கேக்கவே இல்லியா?"

அந்தக் கேள்வியின் முதல் பாதி சூசையுடையது. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. இரண்டாம் பாதி என்னுடையது.

"ஒரு முறை கேட்டேன். கடைசி அமர்வில் மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை" என்றேன்.

"கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குதா சார்?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வந்த வேலையைச் சொன்னார். படிக்கட்டை இடித்துவிடுகிறேன், மகளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன், வழி நாலு அடி என்று ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுங்கள், அண்ணியைக் கூப்பிடுங்கள். தானாக அவர் எதையும் செய்துவிடலாம். ஆனால் எழுத்தில் வேண்டும் என்றார். அண்ணனிடம் கொடுக்க முடியாததை ஒரு தாளிலாவது கொடுக்க நினைத்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

லூர்து வந்தார். கூட்டு அமர்வில் மரியதாஸ் தன் விருப்பத்தைச் சொன்னார். லூர்து அவரைப் பார்க்காமல், "நான் தனியா பேசணும் சார்" என்றார். மரியதாஸ் வெளியே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு எதுக்கு சார் நாலு அடி? நான் ஒடம்பு சிறுத்தவ. அந்தப் படியில அந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிட்டு ஏறுது, எறங்குது. அது இருக்கட்டும்."

"உங்கள் கொழுந்தனாருக்கு இதைச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது."

"அவருக்கு இருக்கும்." லூர்து கதவைப் பார்த்தார். "நாற்காலி போட்டாருல்ல, நீங்ககூட போன் பண்ணீங்க. ஏன் போட்டாரு தெரியுமா? அவராலதான் நடக்க முடியலியே. சாயந்திரம் ஆனா, 'திருப்பத்துல கொண்டுபோய் ஒக்கார வை, அவன் வர்ற நேரம்'னு சொல்லுவாரு. 'என்னாண்ணே இங்க ஒக்காந்திருக்கற, என்னா வேணும்னு ஒரு வார்த்த கேக்க மாட்டானா? கேட்டான்னா சொல்லிடுவேன்'னு சொல்லுவாரு. பதினோரு நாளு ஒக்காந்தாரு. நீங்க போன் பண்ணீங்க. எடுத்துட்டோம்."

அதைச் சொல்லும்போது அவர் என்மேல் குற்றம் சாட்டவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார்.

கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தவர் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதில் இப்போது என் கையில் இருந்தது. அண்ணன் கோபமாகப் போகவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இந்த முறை நான் கேட்டேன்.

"இதை நான் அவரிடம் சொல்லட்டுமா?"

"வேணாம்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். ஒப்பந்தத்தில் மாற்றம் வேண்டாம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் எழும்போது மறுபடி கேட்டேன். நான் சொல்ல வேண்டாம் என்றால், உங்களிடம் நேரில் பேசும்படியாவது அவரிடம் சொல்லலாமா?

லூர்து மறுபடி உட்கார்ந்தார். "அதுவும் வேணாம் சார். அவரு பதினோரு நாளு காத்திருந்தாரு. அடுத்த வாசல்தான். இவரா வந்து கேக்கட்டும்."

வெளியே மரியதாஸ் எழுந்து நின்றார். வழியை மாற்ற வேண்டாம் என்கிறார் என்றேன். வேறு ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டார். தனியாகப் பேசியதைச் சொல்ல முடியாது என்றேன். அதே வாக்கியம். அவர் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார் என்று தோன்றியது. இருவரும் முன்னும் பின்னுமாகப் படியிறங்கிப் போனார்கள். ஒரே தெருவுக்குத்தான். ஒரே ஆட்டோவில் போகவில்லை.

கேட்டும் மறுக்கப்பட்டால் என்ன பயன் என்று உங்களில் ஒருவர் பயிற்சி வகுப்பில் என்னைக் கேட்டார். இப்போது இவ்வளவு சொல்லலாம்: மறுக்கப்பட்டதைச் சுமப்பது வேறு. கேட்காததைச் சுமப்பது வேறு. இரண்டும் என்னிடம் இருக்கின்றன, எடை ஒன்றல்ல. என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்ற விதியை அதன்பின் நான் எந்த அமர்விலும் சொல்லவில்லை. சத்தம் கூடியது. பொறுத்துக்கொண்டேன். எவரும் கேட்காத வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதையும் நிறுத்தினேன்.

இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பயிற்சி போதவில்லை. மரியதாஸ் தன் பங்கை எழுதிக்கொள்ளுங்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டார். சூசையின் பங்குக்கு அனுமதி தரத்தக்கவர் லூர்து. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

கொழுந்தனார் எப்போதாவது வந்து கேட்டாரா என்று விசாரித்தேன். "இல்ல சார். காய்கறி வாங்கினா வாசல்ல வச்சிட்டுப் போறாரு. பொண்ண வுட்டு மாத்திரை வாங்கிக் குடுக்கறாரு. வந்து நிக்கறாரு சில நாளு. கேக்க மாட்டேங்கறாரு."

புதிதாக வருபவர்களுக்காக எழுத நினைக்கிறேன், நாற்காலி விஷயத்தையும் எழுதலாமா என்று கேட்டேன். மூன்றாம் முறை.

"பொஸ்தகத்துல வருமா? அவரு படிப்பாரா?"

"தெரியாது. படிக்கலாம். பெயரையெல்லாம் மாற்றிவிடுவேன்."

லூர்து வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொள்ளும்வரை நின்றார்.

"பேர மாத்துங்க. ஊரக்கூட மாத்திக்குங்க. அந்த வழிய மட்டும் மாத்தாதீங்க சார். மூணு அடின்னே எழுதுங்க. திருப்பத்துல படி இருக்குதுன்னும் எழுதுங்க."

மரியதாஸ் படிக்கலாம் என்பதால், ஊரையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.